பின்னால் வருவது எரிகிறதா? – கேரவன் வயரிங் கேள்வி பதில்

ஈஸ்டர் விடுமுறை முடிந்து வீடு திரும்பியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதினார்களோ என்னவோ, இந்த மாதக் கடிதக் கட்டில் பாதிக்கு மேல் கேரவன் கேள்விகள். திருச்சியில் இருக்கும் என் தங்கை மகளிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். "எந்த நடிகருடைய கேரவன், மாமா?" என்று கேட்டாள். அங்கே அந்தச் சொல்லுக்குப் படப்பிடிப்பில் நிற்கும் குளிர்சாதன வண்டி என்று பொருள். இங்கே ஆஸ்திரேலியாவில் அது காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சக்கர வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாம் அதில் உண்டு. இழுக்கும் கொக்கி நல்ல இரும்பு; அது சுலபத்தில் மோசம் செய்யாது. அதன் பக்கத்தில் தொங்குகிற விரல் தடிமன் வயர்தான் குடும்பத்தோடு போகிற பயணத்தைக் கெடுக்கிறது.

டாண்டினோங்கில் 31 ஆண்டுகள் வாகன வயரிங் பட்டறை வைத்திருந்தேன். விற்றுவிட்டு வெளியே வந்தபோது கையோடு எடுத்து வந்தது ஒரே ஒரு பொருள்: ஒரு மைலோ டின்னின் மூடியில் துளையிட்டுப் பொருத்திய 21 வாட் பல்ப், அதிலிருந்து இரண்டு நீள வயர், நுனியில் முதலைவாய்க் கிளிப். பட்டறைப் பையன்கள் விலையுயர்ந்த மீட்டரோடு மல்லுக்கட்டும்போது நான் இந்த மூடியை எடுத்து வருவேன். ஏன் என்பதை முதல் கடிதத்தின் பதிலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டாண்டினோங் வாசகர்: ஐயா, போன ஆண்டு ஒரு பழைய 18 அடிக் கேரவன் வாங்கினேன். வீட்டு வாசலில் நிறுத்தி, என் மகன் ஒவ்வொரு விளக்காகப் போட, நான் பின்னால் நின்று பார்த்தேன். எல்லாம் எரிந்தன. லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற ஊருக்குப் போகும் வழியில் இருட்டியதும் கூத்து தொடங்கியது. இடது இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்குகள் இரண்டும் சேர்ந்து கண் சிமிட்டுகின்றன. பிரேக்கை அழுத்தினால் இண்டிகேட்டர் மங்கிப்போகிறது. பின்னால் வந்த ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தே சொன்னார். ஒரு பட்டறையில் ஃபிளாஷர் ரிலே மாற்றினார்கள், பிறகு காரின் டிரெய்லர் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்றினார்கள். பணம் போனது, கூத்து போகவில்லை. பேய் பிடித்திருக்கிறதா?

பதில்: தம்பி, பேய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. எர்த்.

உங்கள் காரின் பின்னால், கேரவன் பிளக்கைச் செருகும் தட்டையான 7 பின் சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். இடது இண்டிகேட்டருக்கு மஞ்சள், வலதுக்குப் பச்சை, பிரேக் விளக்குக்குச் சிவப்பு, பின்விளக்குக்குப் பழுப்பு, ரிவர்ஸுக்குக் கறுப்பு, மின்பிரேக்குக்கு நீலம். ஆறும் மின்சாரத்தைக் கேரவனுக்குக் கொண்டுபோகிற வயர்கள். ஏழாவதாக, 3ஆம் எண் பின்னில் ஒரு வெள்ளை வயர். அதுதான் எர்த். ஆறு வழியாகப் போன அத்தனையும் அந்த ஒன்றின் வழியாகத்தான் காருக்குத் திரும்ப வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு ஆறு வாசல் வழியாக ஆட்களை விட்டு, ஒரே ஒரு கதவு வழியாக வெளியே அனுப்புவது போல. அந்தக் கதவும் பாதி மூடிக்கிடந்தால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளை வயரின் முனையில் துருவினாலோ களிம்பினாலோ அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். நான்கு 5 வாட் விளக்குகள் மட்டும் எரியும்போது ஓடுவது 1.7 ஆம்ப் அளவு. அரை ஓமில் இழப்பது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாது. அதோடு 21 வாட் பிரேக் விளக்கு இரண்டும் ஓர் இண்டிகேட்டரும் சேர்ந்தால் மொத்தம் 83 வாட். ஓட வேண்டியது ஏறத்தாழ 7 ஆம்ப். இப்போது அந்த அரை ஓம் இரண்டரை, மூன்று வோல்ட்டை விழுங்கிவிடும். எல்லாம் மங்கும். இண்டிகேட்டர் ஒவ்வொரு முறை எரியும்போதும் பின்விளக்குக்குக் கிடைப்பது குறைந்து, அணையும்போது மீளும். அதைத்தான் கண் சிமிட்டுவதாகப் பார்த்தீர்கள். தடை இன்னும் கூடினால், திரும்ப வழி கிடைக்காத மின்சாரம் அணைந்திருக்கிற விளக்குகளின் இழை வழியாகத் தலைகீழாக நுழைந்து, காரின் விளக்குகள் வழியே வீடு தேடும். எரியக் கூடாத விளக்கு மினுக்கென்று எரிவது அப்படித்தான்.

வாசலில் ஏன் சரியாக இருந்தது என்று இப்போது புரிந்திருக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தீர்கள். ஒவ்வொன்றாகப் போட்டால் எல்லாக் கேரவனும் நல்ல பிள்ளைதான். பகலில் ஓட்டினாலும் தெரியாது. தனித்தனியே ஒழுங்கு, சேர்ந்தால் குழப்பம் என்றால் வேறு எதையும் தொடாமல் முதலில் எர்த்தைத் தேடுங்கள்.

இன்னொரு திருட்டு வழியும் உண்டு. வெள்ளை வயர் முழுவதும் அறுந்தே போயிருந்தாலும் விளக்குகள் சில மாதம் எரியும். கேரவனின் இரும்புக் கொக்கி காரின் டவ்பால் மேல் உட்கார்ந்திருக்கிறது அல்லவா, மின்சாரம் அந்த உருண்டை வழியே திரும்பிவிடும். நீங்கள் ஒரு நாள் உருண்டைக்குக் கிரீஸ் பூசுவீர்கள், அல்லது சாலையில் ஒரு பள்ளம் வரும். அன்றைக்கு விளக்குகள் ஆடத் தொடங்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் வாகன நிறுத்துமிடத்தில் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் கேரவனின் பிளக்கைத் திறந்து என்னிடம் காட்டினார். திருகு இறுக்கமாக இருந்தது. வெள்ளை வயர் தன் இடத்தில் ஒழுங்காக நின்றது. "பாருங்கள், நன்றாக இருக்கிறது" என்றார். வயரை மெல்ல இழுத்தேன். மேலுறை மட்டும் கையோடு வந்தது. உள்ளே முப்பது நாற்பது இழை இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இழைகள் திருகோடு ஒட்டியிருந்தன. மற்றவை கறுத்து, மிளகுத் தூள் போல உதிர்ந்தன. மேலுறையைச் சீவிக்கொண்டே போனேன். மூன்று அங்குலம் வரை கறுப்பு. பிளக்குக்குள் புகுந்த மழைநீரை இழைகள் திரி போல உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. செம்பு மின்னும் இடம் வரும் வரை வெட்டி எறிந்து, புதிதாகப் பொருத்தினோம். அர்ச்சனைக்கு மணி அடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அந்த நான்கு இழைகளைத்தான் மீட்டர் கண்டுபிடிக்காது. மீட்டர் தனக்காக எடுத்துக்கொள்ளும் மின்சாரம் மிக மிகச் சொற்பம். ஓர் இழை போதும், 12 வோல்ட் என்று காட்டி உங்களை ஏமாற்றும். 21 வாட் பல்ப் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆம்ப் கேட்கும். இழை இல்லாவிட்டால் மங்கி உண்மையைச் சொல்லிவிடும். மைலோ மூடியின் ரகசியம் இவ்வளவுதான்.

மீட்டர்தான் இருக்கிறது என்றால், சுமையோடு பாருங்கள். கேரவனை இணைத்து, எல்லா விளக்குகளையும் போட்டு, மகனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனை கார் பேட்டரியின் நெகட்டிவில், மறுமுனை கேரவன் சட்டத்தில் பெயிண்ட் சுரண்டிய வெற்று இரும்பில். நீள வயர் ஒன்று தேவைப்படும். 0.2 வோல்ட் என்றால் நிம்மதி. அரை வோல்ட்டைத் தாண்டினால் திரும்பும் வழியில் எங்கோ அடைப்பு. ஜம்பர் கேபிளின் கறுப்பு வயரைக் கார் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து கேரவன் சட்டத்துக்குப் பிடித்துப் பார்ப்பது இன்னும் சுலபம். நீளம் போதாவிட்டால் டவ்பாரின் வெற்று இரும்பில் பிடிக்கலாம். பிடித்த கணத்தில் கூத்து நின்றால் எர்த் என்பது உறுதி. பிறகு பிளக்கின் வெள்ளைத் திருகு, சாக்கெட்டின் வெள்ளைத் திருகு, காரின் பின்பக்கத்தில் அது உடலோடு சேரும் போல்ட், கேரவனின் முன் சட்டத்தில் வளையம் போட்டு இறுக்கியிருக்கும் இடம் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய கேரவனில் கடைசியாகச் சொன்ன அந்த வளையம்தான் பெரும்பாலும் குற்றவாளி. துருவின் மேல் பெயிண்ட், பெயிண்டின் மேல் வளையம் என்று யாரோ இறுக்கி வைத்திருப்பார்கள்.

மாற்றிய ரிலேயையும் பெட்டியையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. பழைய பெட்டியைத் திருப்பித் தந்தார்களா? அது நன்றாகவே இருக்கக்கூடும், பத்திரமாக வையுங்கள்.

அடிலெய்ட் வாசகி: அண்ணா, பிளக்கின் பின்கள் எல்லாம் பச்சையாகக் களிம்பேறி இருக்கின்றன. குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். தங்கம் போல மின்னியது. பத்து நாளில் மறுபடி பச்சை. என்ன செய்வது?

பதில்: புளி குத்துவிளக்குக்கு, தங்கச்சி, பிளக்குக்கு வேண்டாம். குத்துவிளக்கைத் தண்ணீரில் அலசித் துடைக்கிறோம். பிளக்கின் பின் இடுக்கில் போன புளியையும் உப்பையும் யார் அலசுவது? உள்ளேயே தங்கி, ஈரம் பட்டதும் மறுபடி அரிக்கிறது. உதிரிபாகக் கடையில் கான்டாக்ட் கிளீனர் என்று ஸ்பிரே கிடைக்கும். அடித்து, மெல்லிய உப்புத்தாளைச் சுருட்டிப் பின்னையும் துளையையும் தேய்த்து, மறுபடி அடித்துக் காய விடுங்கள். நடுவில் பிளந்த பின்னாக இருந்தால், மெல்லிய கத்தி முனையால் ஒரு மயிரிழை விரித்துவிடுங்கள். பல வருடம் குத்தி எடுத்ததில் நெருங்கிப்போயிருக்கும். மின்னிணைப்புக்கென்றே விற்கும் கிரீஸைத் தொட்டுப் பூசினால் போதும், அப்ப வேண்டாம். மின்னிய பிறகும் விளக்கு மங்கினால் முதல் கடிதத்தின் பதிலைப் படியுங்கள்.

வண்டி நிற்கும்போது பிளக்கை வானம் பார்த்து வைக்காதீர்கள். மழை பிடிக்கும் கிண்ணம் ஆகிவிடும். வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள்.

கிளென் வேவர்லி வாசகர்: மெல்பர்னிலிருந்து மில்டூரா வரை 540 கி.மீ. ஓட்டினேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் கார் எஞ்சின் ஓடியிருக்கிறது. போய்ச் சேர்ந்தபோது கேரவன் பேட்டரி 12.1 வோல்ட். ஃபிரிட்ஜில் பால் திரிந்துவிட்டது. கார் பேட்டரியிலிருந்து கேரவன் பேட்டரிக்கு மின்சாரம் கொண்டுவரும் ஆண்டர்சன் பிளக் இருக்கிறது, வயர் 6 மி.மீ. தடிமன் என்று முந்தைய உரிமையாளர் உறுதியாகச் சொன்னார். கார் புதியது. பேட்டரியை மாற்றிவிடவா?

பதில்: பேட்டரியை விடுங்கள், அது பாவம், பட்டினி கிடக்கிறது.

அந்த 6 மி.மீ. ஒரு பழைய ஏமாற்று. இந்த நாட்டில் வாகன வயரை மேலுறையையும் சேர்த்து அளந்து 6 மி.மீ. என்று விற்கிறார்கள். உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பு 4.6 சதுர மி.மீ. அளவுதான். ஆறு சதுர மில்லிமீட்டர் என்று நினைத்து வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு விற்றவர்களில் ஆரம்பத்தில் நானும் ஒருவன்.

காரின் முன்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து கேரவனின் பேட்டரிக்கு 9 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், போய்வர 18 மீட்டர். இந்த வயரில் அதன் தடை 0.07 ஓமை ஒட்டி வரும். ஃபிரிட்ஜும் பேட்டரியும் சேர்ந்து 20 ஆம்ப் இழுத்தால் வழியிலேயே 1.4 வோல்ட் போய்விடும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் 13.8 கொடுத்தால் கேரவனில் மிஞ்சுவது 12.4. அந்த வோல்ட்டேஜில் பேட்டரி ஏறாது. அதே தூரத்துக்கு 13.5 சதுர மி.மீ. செம்பு உள்ள வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் நிற்கும். கடையில் 6 பி அண்ட் எஸ் என்று கேளுங்கள். அங்கேயும் ஆறு என்ற எண்தான். ஆனால் இது மூன்று மடங்கு தடித்தது.

இது பாதிக் கதை. உங்கள் கார் புதியது என்கிறீர்கள். எரிபொருள் மிச்சம் பிடிக்க, கார் பேட்டரி நிறைந்ததும் ஆல்டர்னேட்டரைத் தணித்துவிடும் ஏற்பாடு இப்போதைய கார்களில் பலவற்றில் உண்டு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது 12.5 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். காருக்கு அது போதும். ஒன்பது மீட்டர் பின்னால் பசியோடு ஒருவர் இருப்பது அதற்குத் தெரியாது. இதற்கு வயரை மட்டும் தடித்ததாக மாற்றிப் பயனில்லை. கேரவன் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு டிசி-டிசி சார்ஜர் வைக்க வேண்டும். வருகிற வோல்ட்டேஜ் குறைவாக இருந்தாலும் அதை உயர்த்திப் பேட்டரிக்கு வேண்டியதைக் கொடுக்கும். இப்படிப்பட்ட கார்களுக்கு, சாவியைத் திருப்பியதும் மின்சாரம் வரும் இக்னிஷன் வயர் ஒன்றும் அதோடு இணைக்க வேண்டியிருக்கும். வாங்கும்போது காரின் ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள்.

செலவு செய்வதற்கு முன் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். எஞ்சின் ஓடட்டும், ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் இருக்கட்டும். மீட்டரை எடுத்துக்கொண்டு காரின் பேட்டரியில் தொடங்கி, காரின் ஆண்டர்சன் பிளக், கேரவனின் ஆண்டர்சன் பிளக், கடைசியில் கேரவன் பேட்டரியின் முனைகள் என்று நடந்துகொண்டே அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் எண் சட்டென்று இறங்குகிறதோ அங்கேதான் திருடன். சாம்பல் நிற ஆண்டர்சன் பிளக்கின் இரண்டு பக்கமும் ஒரே வார்ப்பு. 50 ஆம்ப் தாங்கும். இணைப்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வோல்ட் காட்ட வேண்டும். கை வைத்தும் பாருங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு பிளக் சூடாக இருந்தால் உள்ளே வயரை முனையில் நசுக்கியது சரியில்லை. சிலர் சுத்தியலால் தட்டி வேலையை முடித்துவிடுகிறார்கள். கேட்டால் இறுக்கமாக இருக்கிறது என்பார்கள்.

பால் விஷயம் தனி. உங்களுடையது கேஸ், 240, 12 வோல்ட் மூன்றிலும் ஓடும் ஃபிரிட்ஜ் என்று நினைக்கிறேன். 12 வோல்ட்டில் அது புதிதாகக் குளிர வைக்காது. இருக்கிற குளிரைக் காப்பாற்றும், அவ்வளவே. முதல் நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் போட்டுக் குளிர வைத்து, குளிர்ந்த பொருளையே உள்ளே வையுங்கள். டிசி-டிசி சார்ஜர் வைத்தால் ஃபிரிட்ஜுக்கு அதற்கு முன்னாலேயே தனி வயர் பிரித்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சார்ஜர் கொடுக்கிறதை எல்லாம் ஃபிரிட்ஜே தின்றுவிடும்.

துங்காபி வாசகர்: என் காரில் 7 பின் தட்டை சாக்கெட். வாங்கப் போகும் கேரவனில் 12 பின் தட்டை பிளக். சேருமா?

பதில்: சேராது. எதிர்ப்பக்கம் சேரும்: 12 பின் சாக்கெட்டில் 7 பின் பிளக்கைச் செருகலாம், முதல் ஏழும் ஒரே அமைப்பு. ஆகவே காரின் சாக்கெட்டை 12 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். நண்பரின் சின்ன டிரெய்லரையும் இழுக்கலாம். ஒரு வேண்டுகோள். புதிய கார்களில் பின்விளக்கு வயரில் நேரடியாகக் கவ்விக் கிளிப் போட்டு மின்சாரம் பிடிக்க யாரையும் விடாதீர்கள். அந்த நீலக் கிளிப்பின் தகடு மேலுறையைக் கிழித்து, இழைகளில் சிலவற்றையும் அறுத்துவிட்டு, பிறகு மழைத்தண்ணீருக்கு வாசல் திறந்து வைக்கும். காருக்கென்று உள்ள டிரெய்லர் மாட்யூலையே, அதாவது கட்டுப்பாட்டுப் பெட்டியையே போடுங்கள்.

பெர்த் வாசகர்: அண்ணா, எங்களுடையது இரட்டை அச்சுக் கேரவன், 2,600 கிலோ. மண்சாலையில் அலைஅலையான மேடுபள்ளம் வரும்போது காரில் இருக்கும் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி, கேரவன் இணைக்கப்படவில்லை என்று காட்டுகிறது. இரண்டு வினாடியில் சரியாகிவிடுகிறது. தார்ச்சாலையில் தொல்லையே இல்லை. கண்டுகொள்ளாமல் விடலாமா?

பதில்: விடக் கூடாது. விளக்கு எரியாவிட்டால் போலீஸ் நிறுத்துவார்; பிரேக் பிடிக்காவிட்டால் எதிரே வருகிறவர்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

அந்த இரண்டு வினாடியில் நீல வயரின் வழி எங்கோ அறுந்து சேர்கிறது. 5ஆம் எண் பின்னிலிருந்து புறப்பட்டு, நான்கு சக்கரங்களின் டிரம்முக்குள் இருந்து, மின்சாரம் வந்ததும் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் நான்கு காந்தங்களுக்குப் போகிறது அது. 10 அல்லது 12 அங்குல டிரம்மின் காந்தம் ஒன்றுக்குத் தடை சுமார் 3.2 ஓம். நான்கும் பக்கவாட்டாக இணைந்திருப்பதால் மொத்தம் 0.8 ஓம் வர வேண்டும். காரிலிருந்து கழற்றிய கேரவன் பிளக்கில் நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பாருங்கள். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மலிவான மீட்டரில் அதுவே 0.3 காட்டும், அதைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் நல்ல காந்தத்தைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். கழித்த பிறகு 1.1 வந்தால் ஒரு காந்தம் வேலை செய்யவில்லை. 1.6 என்றால் இரண்டு இல்லை, அதாவது பெரும்பாலும் ஓர் அச்சு முழுவதும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் வயர் எங்கோ இரும்பில் உரசிக் கிடக்கிறது.

உங்களுக்கு வருவது விட்டுவிட்டு வரும் பழுது. கருவி மொத்தமாகவே கேரவன் இல்லை என்று சொல்வதால், நான்கும் ஒரே நேரத்தில் போகின்றன. எனவே காந்தத்துக்கு அருகில் தேடாதீர்கள். நான்குக்கும் பொதுவான வழியில் தேடுங்கள்: பிளக், முன் சட்டத்தில் இருக்கும் இணைப்புப் பெட்டி, கொக்கி அருகே வயர் வளைந்து வளைந்து களைத்த இடம். மனைவியோ மகனோ மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் படுத்துக்கொண்டு வயரைச் சாண் சாணாக அசைத்து வாருங்கள். எண் துள்ளுகிற இடத்தில் நிறுத்துங்கள். அச்சுக் குழாய்க்கு உள்ளே ஓடும் வயர் அதிர்ந்து அதிர்ந்து தேய்வதும் வழக்கம். ஆனால் அங்கே அறுந்தால் வழக்கமாக ஒரு பக்கம்தான் போகும்.

அப்படியே படுத்திருக்கும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சக்கரங்கள் தாங்கும் நிறை 2,000 கிலோவைத் தாண்டினால், கேரவன் காரிலிருந்து பிய்த்துக்கொண்டால் தானே பிரேக் பிடிக்கும் ஏற்பாடு இங்கே சட்டம். பிடித்த பிரேக் 15 நிமிடமாவது நிற்க வேண்டும். காரின் பிளக்கை முதலில் கழற்றிவிட்டு, கேரவன் பிய்த்துக்கொண்டால் கம்பியால் இழுபட்டு அந்த ஏற்பாட்டை இயக்கும் சின்ன பின்னை இழுத்து, சக்கரம் இறுகுகிறதா என்று பாருங்கள். காரோடு இணைந்திருக்கும்போது இழுத்தால் கட்டுப்பாட்டுக் கருவிக்குக் கேடு வரலாம். பின் உள்ளே போகிற பெட்டிக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிரிஸ்பேன் வாசகர்: ஐரோப்பியக் கார், கேரவனில் எல்லாம் எல்இடி விளக்குகள். எதையும் போடாதபோதும் பின்விளக்குகள் சில வினாடிகளுக்கு ஒருமுறை மின்மினி போல மினுக்குகின்றன. டிரெய்லர் விளக்கு பழுது என்று காரும் எச்சரிக்கிறது. எர்த் பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது.

பதில்: எர்த்தை முதலில் பார்த்ததற்கு நன்றி, இனி உங்களைப் பிடிக்கும். பல்ப் இருக்கிறதா என்று அறிய உங்கள் கார் அவ்வப்போது ஒரு நொடித்துளி மின்சாரம் அனுப்பிப் பார்க்கிறது. பழைய இழை பல்ப் அதற்குள் சூடாகாது, தெரியாது. எல்இடிக்கு அந்தத் துளியே போதும். எரியும்போதும் அது மிகக் குறைவாகவே இழுப்பதால், பல்ப் பியூஸ் போய்விட்டது என்று கார் முடிவு கட்டுகிறது. எல்இடி டிரெய்லர் என்று காரின் மாட்யூலுக்குச் சொல்லும் வசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லாவிட்டால் மினுக்குகிற, எச்சரிக்கை வருகிற விளக்குகளின் வயருக்குச் சுமைத் தடையம், அதாவது பல்ப் அளவுக்கு மின்சாரம் இழுக்கும் தடை போட வேண்டும். அது பல்ப் போலவே சூடாகும். பிளைவுட்டிலோ பிளாஸ்டிக்கிலோ பொருத்தினால் கருகும். இரும்புச் சட்டத்தில் பொருத்துங்கள்.

மெல்பர்ன் மாணவர்: மாமா, கேரவனின் 15 ஆம்ப் பிளக் வீட்டு சாக்கெட்டில் போகவில்லை. எர்த் பின் கொஞ்சம் அகலம். அரத்தால் ராவிவிட்டால் போகும் என்று நண்பன் சொல்கிறான்.

பதில்: நண்பனை மாற்று. அந்தப் பின் அகலமாக இருப்பதே, 10 ஆம்ப் சாக்கெட்டில் 15 ஆம்ப் சுமையை ஏற்றாதே என்று கையைப் பிடித்துத் தடுப்பதற்காக. இது 240 வோல்ட், என் 12 வோல்ட் கடையில் விற்பதில்லை. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து 15 ஆம்ப் சாக்கெட் ஒன்று போடச் சொல். அரத்தைக் கண்ணில் படாத இடத்தில் வை.

ஜீலாங் வாசகி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் போன பிறகு கேரவனை விற்றுவிடச் சொல்கிறார்கள் பிள்ளைகள். எனக்கு விற்க மனமில்லை. ஓட்டத் தெரியும், கட்டவும் தெரியும். பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்கத்தான் இன்னோர் ஆள் இல்லை. அவர் பின்னால் நின்று "எரியுது, எரியுது" என்று கத்துவார். தனியாக எப்படிப் பார்ப்பது?

பதில்: விற்காதீர்கள், டீச்சர்.

இருட்டியதும் கேரவனின் பின்பக்கம் கராஜ் கதவையோ வெள்ளைச் சுவரையோ பார்க்கும்படி இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். காரின் பக்கக் கண்ணாடியில் சுவர் தெரியும். இடது மஞ்சளும் வலது மஞ்சளும் அங்கே துடிப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பிரேக்குக்கு மட்டும் இறங்கிப் போவது நல்லது, மங்கலாக எரிந்தால் சுவர் காட்டிக்கொடுக்காது. ஒரு துடைப்பத்தின் கைப்பிடியைப் பிரேக் மிதியில் வைத்து, இருக்கையை மெல்ல முன்னுக்குத் தள்ளி அதை இறுக்குங்கள். பிறகு பின்விளக்கு, பிரேக், நான்கு இண்டிகேட்டரும் துடிக்கும் அபாய விளக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு, நிதானமாக நடந்து போய்ப் பாருங்கள். ஒன்று துடிக்கும்போது இன்னொன்று மங்கினால் என்னவென்று இதற்குள் உங்களுக்கே தெரியும். ரிவர்ஸ் விளக்கை எஞ்சின் அணைத்து, கைபிரேக் போட்டு, சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியரில் போட்டு, உட்கார்ந்தபடியே சுவரில் பாருங்கள். கியரில் போட்டுவிட்டு இறங்க வேண்டாம்.

துடைப்பத்தைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள், கேரவனிலேயே இருக்கட்டும். கடற்கரையில் இரண்டு நாள் நின்றால் உள்ளே எவ்வளவு மணல் சேரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.